மேலுதட்டுக்குள் ஒரு கற்கண்டு

எனக்கு முதலில் வலித்தது காற்றால்தான். பாகூர்ப் பக்கம் ஒரு சாவு ஊர்வலம். டிரம்பெட்டை உதட்டில் வைத்தபடியே அடுத்த வரிக்காக வாயோரமாய் மூச்சை இழுத்தேன். வலது பக்கம் மேல் முன்பல்லில் ஊசி ஏறியது போல ஒரு சுருக். ஊதத் தொடங்கியதும் போய்விட்டது. மறுபடி மூச்சு இழுத்தபோது மறுபடி வந்தது.

பல் வலி என்றால் கடிக்கும்போது வரும், இல்லாவிட்டால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். மூச்சு பட்டு வலிக்கும் பல்லை நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே அதை நான் பல் வலியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மார்கழிக் காற்று என்று சொல்லிக்கொண்டேன். தை முடிந்து வெயில் ஏறிய பிறகும் அது போகவில்லை. இதைப் படிக்கும் யாருக்காவது காற்று பட்டுப் பல் கூசினால், மாதத்தின் மேல் பழி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். நான் அப்படி உட்கார்ந்திருந்தேன்.

என் பெயர் சவரி. வில்லியனூர் ஓரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். எட்டாம் வகுப்பில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் கட்டட வேலை, லாரியில் கிளீனர் என்று பல ஊர்களில் இருந்திருக்கிறேன். எதிலும் தரித்ததில்லை. ஒரு நாள் காலையில் எழுந்ததும் அந்த இடம் பிடிக்காமல் போய்விடும். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். திரும்பத் திரும்ப வந்து சேர்ந்தது பேண்டு செட்டுக்குத்தான். காரணம் எளிது. பேண்டும் ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்று திருக்கனூரில் சாவு, நாளை அரியாங்குப்பத்தில் கல்யாணம், அடுத்த வாரம் விழுப்புரம் தாண்டி ஒரு மாதா கோயில் தேர். அலைகிறவனுக்கு ஏற்ற பிழைப்பு.

என் மனைவி ஜெயா காட்டேரிக்குப்பத்துக்காரி. நாற்று நடவுக்கும் கட்டட வேலைக்கும் போகிறவள். நான் பேண்டில் சேர்ந்த பிறகுதான் ராத்திரி வீட்டுக்கு வரும் புருஷன் தனக்குக் கிடைத்தான் என்று அவளே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

பேண்டுக்காரன் என்ன சாப்பிடுகிறான் என்பதைச் சொல்ல வேண்டும். இந்தக் கதை அதில்தான் இருக்கிறது.

சாவு வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியாது. நாங்கள் காலையிலேயே போய்ப் பந்தலோரம் உட்கார்ந்துவிடுவோம். வெளியூரிலிருந்து வரவேண்டிய மகனோ மகளோ வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். மாலை கொண்டுவருகிறவர்களை எழுந்து ஊதி அழைத்துவர வேண்டும். நடுவில் டீ வரும். பிஸ்கட் வரும். பாட்டிலில் கலர் வரும். மறுபடி டீ. எல்லாம் இனிப்பு. துக்க வீட்டு டீயில் சர்க்கரையை யாரும் அளந்து போடுவதில்லை. சோறு சாயங்காலம்தான், அதுவும் கிடைத்தால். கல்யாண வீட்டில் சோறு உண்டு, ஆனால் கடைசிப் பந்தியில்.

இதோடு எங்களுக்கே உரிய ஒன்று உண்டு. பனங்கற்கண்டு. எங்கள் செட்டின் தலைவர் ஆரோக்கியம் மாஸ்டர் எப்போதும் இடுப்பில் ஒரு சுருக்குப் பை வைத்திருப்பார். ஊதுகிறவன் வாயால் மூச்சு வாங்குவதால் வாய் காய்ந்துவிடும். வாய் காய்ந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும், சுருதி பிசகும். அதற்காக ஒரு கற்கண்டுத் துண்டை மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகிக்கொள்வோம். ஊதும்போது நாக்கால் தள்ளிக் கன்னத்துக்குக் கொண்டுபோவோம். நிறுத்தியதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். அது மெதுவாகக் கரையும். எச்சில் ஊறும். கரைந்ததும் அடுத்தது.

"வெள்ள சக்கர தாண்டா வெஷம். இது மரத்துலேருந்து எறக்குனது, மருந்து" என்பார் மாஸ்டர். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். நான் அதற்கு மேலும் போனேன். பேண்டு இல்லாத நாட்களிலும் சட்டைப் பையில் வைத்திருப்பேன். பஸ்ஸில், டீக்கடையில், படுக்கப் போகும்போதும் வாயில் ஒன்று இருக்கும். பீடி இல்லை, பாக்கு இல்லை, குடி இல்லை. இந்த ஒன்றுதானே என்று இருந்தேன்.

பேண்டுக்காரர்களிடம் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. டிரம்பெட் ஊதுகிறவனுக்கு முன்பல் நிற்காது, பித்தளை பல்லைத் தின்றுவிடும் என்பார்கள். மாஸ்டரும் ஒரு காலத்தில் டிரம்பெட்தான். மேல்வரிசை போன பிறகு டிரம்முக்கு வந்தார். அவருக்கு முன்னால் ஊதியவரும் அப்படியே. ராணுவத்தில் குண்டடி பட்டதைச் சொல்வது போல அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். எனக்கும் ஒரு நாள் அது நடக்கும் என்று தெரியும். அறுபது வயதில் நடக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

வலி வந்தபோது கிராம்பு வைத்தேன். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். வலி குறைந்த நாளெல்லாம் குணமாகிவிட்டதாக எண்ணினேன். பிறகு ஒரு கட்டத்தில் கூச்சம் அடியோடு நின்றுபோனது. மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போனதால் நின்ற வலி அது என்று பின்னால்தான் தெரிந்தது. வலி போவது எப்போதும் நல்ல செய்தி அல்ல.

பல் உடைந்தது இட்லியில். கல்லில் இல்லை, எலும்பில் இல்லை. ஜெயா சுட்ட இட்லியைக் கடித்தேன், ஏதோ வாயில் உருண்டது. துப்பிப் பார்த்தால் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லின் பாதி. உள்பக்கம் ஈரமான கரி மாதிரி இருந்தது.

ஜெயா அதை வாங்கிப் பார்த்தாள்.

"என் இட்லிய கல்லுன்னு ஊரெல்லாம் சொல்லப்போற" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். பிறகு, "வாயத் தொற" என்றாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு என் தாடையைத் திருப்பிப் பார்த்தாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தவள் உடனே விட்டுவிட்டாள்.

"இன்னாய்யா இது, ஈறோரம் பூரா அரிச்சிக்கினு கெடக்குது? இத வெச்சிக்கினா இத்தினி நாளு ஊதிக்கினு இருந்த?"

"பித்தள தின்னுடுச்சி. எல்லாருக்கும் ஆவறதுதான்."

"எல்லாருக்கும் ஆனா ஆவட்டும். ஆஸ்பத்திரிக்கு எப்ப போற?"

போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு தேருக்கு ஊதப் போனேன். திரும்பி வந்த மறுநாள் காலை மேலுதடு மூக்கோடு சேர்ந்து வீங்கியிருந்தது. வலது கண் பாதிதான் திறந்தது. காய்ச்சல் அடித்தது. ஜெயா வேலைக்குப் போகவில்லை. என்னைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து, சேலைத் தலைப்பால் என் முகத்தை மறைத்துக் கூட்டிப்போனாள்.

பல் ஆஸ்பத்திரியின் நடையில் நீளமான பெஞ்சு. வரிசையாக எல்லோரும் ஒரு கன்னத்தைக் கையில் தாங்கியபடி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. மற்ற ஆஸ்பத்திரிகளில் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன உடம்புக்கு என்று கேட்பார்கள். இங்கே வாயைத் திறக்க யாருக்கும் மனமில்லை. உள்ளே மிஷின் சத்தம் கேட்டது. எனக்கு அது ஸ்வரம் பிசகிய கிளாரிநெட் போல இருந்தது.

ஜெயா மெல்லக் கேட்டாள். "பல்லு பூட்டா ஊத முடியாதா?"

"முடியாது." டிரம்பெட்டின் வாய் சின்னது. உதட்டின் மேல் உட்காரும், உதட்டுக்குப் பின்னால் பல் தாங்கும். பல் இல்லையென்றால் உதடு உள்ளே போய்விடும். காற்று வரும், நாதம் வராது.

"ஊத முடியலன்னா பூடுவியா?"

எங்கே என்று அவள் சொல்லவில்லை. திருப்பூரோ கேரளாவோ, ஏதோ ஒரு பஸ். போவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. வீங்கிய உதட்டோடு பேசவும் கஷ்டமாக இருந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். முகமூடிக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன, அவையும் களைத்திருந்தன. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தைக் காட்டி விளக்கினார். பல் சொத்தை வெளியிலிருந்து எனாமலை (பல்லின் மேலே இருக்கும் கடினமான பூச்சு) அரித்து, உள்ளே பல்கூழ் வரை (பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் மெத்தென்ற பகுதி) போயிருக்கிறது. அங்கிருந்து வேர் நுனியில் சீழ்க்கட்டி (கிருமி சேர்ந்து சீழ் பிடித்த வீக்கம்) வைத்திருக்கிறது.

"இனிப்பு நிறைய சாப்பிடுவீங்களா?" என்றார்.

"இல்ல டாக்டர். ஸ்வீட்டே தொட மாட்டேன். தீபாவளிக்குக்கூட."

"டீ?"

"வேலைல குடுப்பாங்க, குடிப்பேன். வூட்டுல சக்கர கம்மி."

"சாக்லெட், மிட்டாய்?"

"அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம் டாக்டர்."

அவர் என் பல்வரிசையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். கீழ்ப்பற்கள் சுமாராக இருந்தன, கடைவாய் பரவாயில்லை. மேலே முன்பக்கம், ஈறை ஒட்டிய கோட்டில் மட்டும் அரித்திருந்தது. "விசித்திரமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டார். பிறகு வலது கன்னத்தைக் கண்ணாடிப் பிடியால் ஒதுக்கினார். 'டக்' என்று ஒரு சத்தம்.

பக்கத்தில் நின்ற ஜெயாவுக்கும் கேட்டது. எனக்கும் கேட்டது. டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டு, கரைந்து பாதியாகியிருந்த ஒரு பனங்கற்கண்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

நடையில் உட்கார்ந்திருந்தபோது போட்டிருக்கிறேன். காய்ச்சலோடு, வீக்கத்தோடு, அந்த வலியோடு. போட்ட ஞாபகமே எனக்கு இல்லை.

"இது என்ன?"

"பனங்கல்கண்டு டாக்டர். மருந்து. வாய் காயாம இருக்க."

ஜெயா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இந்த எழவெடுத்த கல்கண்ட தூக்கத்துலகூட வாயில வெச்சிக்கினுதாம்மா இருக்கும் இந்த ஆளு. நான் சொன்னா இன்னா தெரியும் ஒனக்குன்னும்."

டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. இடுக்கியை வைத்துவிட்டு, எத்தனை வருஷமாக, எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று கேட்டார். நான் உதட்டைத் தூக்கி விரலால் காட்டினேன். அரிப்பு இருந்த இடமும் நான் காட்டிய இடமும் ஒன்றாகவே இருந்தன.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வாயில் எப்போதும் கிருமிகள் உண்டு. நாம் தின்னும் இனிப்பு அவற்றுக்கும் தீனி. தின்றுவிட்டு அவை புளிப்பு நீரை விடுகின்றன. அந்தப் புளிப்பு பல்லின் பூச்சிலிருந்து சத்தைக் கரைக்கிறது. பிறகு எச்சில் வந்து அந்தப் புளிப்பைக் கழுவி, கரைந்த சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பல்லில் சேர்க்கிறது. இதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். சில வாய்க்கு இன்னும் அதிகம். எச்சில் வேலையை முடிப்பதற்குள் அடுத்த இனிப்பு வந்தால், கரைவது மட்டும் நடந்துகொண்டிருக்கும், சேர்வது நடக்காது.

"எவ்வளவு சாப்பிடுறீங்கன்றது இருக்கட்டும். எத்தனை தடவைன்றது அதைவிட முக்கியம்" என்றார். "ஒரு லட்டை சாப்பாட்டோட சாப்பிட்டு முடிச்சிட்டா பல்லுக்கு ஒரு தடவைதான் அடி. நீங்க நாள் பூரா அதுக்கு ஓய்வே குடுக்கல. அதோட மேல் முன்பல்லுல எச்சில் அதிகம் படாது. நீங்க வாயால மூச்சு விடுறதால இருக்கறதும் காஞ்சிடுது. ராத்திரில எச்சில் இன்னும் குறையும். அந்த நேரத்துலயும் வெச்சிருக்கீங்க."

"இது பன மரத்துது டாக்டர். வெள்ள சக்கர இல்ல."

"கிருமிக்கு மரம் தெரியாதுங்க. வெல்லம், தேன், கற்கண்டு எல்லாம் அதுக்கு ஒண்ணுதான்."

"அப்ப பித்தள தின்னலயா?"

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். டிரம்பெட் அழுத்துவதால் பல் கொஞ்சம் நகரலாம், ஆனால் ஈறோரமாய் இப்படிக் குழி விழாது என்றார்.

சர்க்கரை நோய் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இல்லை. எனக்கு அது ஒரு சின்ன வெற்றியாகத் தெரிந்தது. ஜெயாவுக்கு அப்படித் தெரியவில்லை.

முதலில் வீக்கம் வற்ற மாத்திரை. பிறகு உடைந்த பல்லை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டதால் வலிக்கவில்லை, ஆனால் வேர் பிடுங்கும் சத்தம் மண்டைக்குள் கேட்டது. ஈர மண்ணிலிருந்து பந்தல்காலைப் பிடுங்குவது போல. அதன் பக்கத்தில் இருந்த பெரிய முன்பல்லைக் காப்பாற்றலாம் என்றார். அதற்கு வேர் சிகிச்சை (பல்லுக்குள் செத்த நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது) செய்து, மேலே ஒரு உறை போட்டார்கள். கோரைப்பல்லை அடைத்தார்கள். இதற்குப் பல மாதங்கள் ஆயின. வாரம் விட்டு வாரம் அதே பெஞ்சு, அதே நடை.

அந்த மாதங்களில் நான் ஊதவில்லை. பேண்டோடு போய் ஜால்ரா தட்டினேன். என் இடத்தில் தாஸ் ஊதினான். இரண்டாம் டிரம்பெட்டாக இருந்தவன், என்னைவிடக் கொஞ்சம் இளையவன், நல்ல மூச்சுக்காரன். மேலுதட்டில் கற்கண்டு வைத்திருப்பான். அவன் ஊதும்போது நான் ராகத்தைக் கேட்கவில்லை, அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனிப்பை விடுவதுதான் சிகிச்சையில் கடினமான பகுதி. நோயாளிகளுக்கு இதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றுவதாகும். பல் பிடுங்கிய வலி சில நாள். கற்கண்டு இல்லாத வாய் பல மாதங்கள் என்னைப் படுத்தியது. நாக்கு தானாக மேலே போய்த் தேடும். எரிச்சல் வரும். பஸ் சத்தம் கேட்டால் ஏறிப்போய்விடலாம் என்றிருக்கும். ஒரு நாள் விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும்விட்டேன். திருக்கனூரில் இறங்கி, ஒரு டீ சர்க்கரை இல்லாமல் குடித்துவிட்டுத் திரும்பினேன். டீ கசந்தது. ஜெயாவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

சாப்பாட்டை அவள்தான் மாற்றினாள். டாக்டர் சொன்னது சுருக்கம்தான்: பசியை நேரத்துக்கு ஆற்றினால் நடுவில் வாய் தேடாது. அதனால் சாவு வீடோ கல்யாண வீடோ, டிபன் பாக்ஸில் சோறு, முட்டை, கீரை, ஒரு டப்பா மோர். கொறிக்க அவித்த வேர்க்கடலை. வாய் காய்ந்தால் தண்ணீர். ஃபுளோரைடு (பல்லின் பூச்சைக் கெட்டிப்படுத்தும் ஒரு வகை உப்புச்சத்து) உள்ள பேஸ்ட்டால் காலையும் படுக்கும் முன்னும் துலக்குவது. அதற்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் இல்லை. கலர், சோடா அறவே இல்லை, அவற்றில் இனிப்போடு புளிப்பும் சேர்ந்தே வருகிறது.

துக்க வீட்டுப் பந்தலில் டிபன் பாக்ஸ் திறப்பது நம் ஊரில் மரியாதை இல்லை. அதனால் வைக்கோல் போருக்குப் பின்னாலோ ஆட்டோவுக்குள்ளோ போய்த் தின்பேன். தாஸ் கேலி செய்வான். "மாப்ள விருந்து முடிஞ்சிதா அண்ணே?" என்பான்.

உறை போட்ட அன்று டாக்டரிடம் கேட்டேன். ஊதலாமா?

"ஊதலாம். அமுக்கி ஊதக்கூடாது. நரம்பு எடுத்த பல்லு உள்ள காஞ்ச கட்டை மாதிரி. அழுத்தம் தொடர்ந்து பட்டா வேர்ல விரிசல் விடும். விட்டா எடுக்கறத தவிர வழி இல்ல." எடுத்த பல்லின் இடத்துக்குக் கழற்றி மாட்டும் பல் ஒன்று கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு பேசலாம், சிரிக்கலாம். ஊதும்போது அது ஆடும் என்றும் அவரே சொன்னார்.

பாகூர் ரோட்டில் எங்கள் பேண்டு ரூம். மாஸ்டரும் தாஸும் இருந்தார்கள். டிரம்பெட்டை எடுத்துத் துடைத்து, உதட்டில் வைத்தேன். கீழ் ஸ்தாயி வந்தது. நடு ஸ்தாயி வந்தது. மேலே போக அழுத்தினேன். பல்லில் வலி இல்லை, ஆனால் நகம் பெயரும்போது முதலில் தெரியுமே ஒரு தளர்வு, அப்படி ஒன்று தெரிந்தது. நிறுத்திவிட்டேன். மறுபடி வைத்தேன். அழுத்தாமல் மேல் ஸ்வரத்தைத் தொடப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

டிரம்பெட்டை இறக்கினேன்.

"நீ அமுக்கியே ஊதிப் பழகினவன்டா" என்றார் மாஸ்டர். "நானும் அப்படித்தான். நமக்கெல்லாம் வேற மாதிரி தெரியாது."

"மாஸ்டர், பித்தள தின்னல. கல்கண்டுதான் தின்னுச்சி." டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். வைக்கும் இடத்தையும் அரிக்கும் இடத்தையும் என் வாயிலேயே காட்டினேன்.

அவர் தன் பல்செட்டை வாய்க்குள்ளேயே நாக்கால் ஒரு முறை தூக்கி இறக்கிக்கொண்டார்.

"அந்தக் கொம்புதான் என் பல்ல தின்னுச்சின்னு என் பொஞ்சாதிகிட்ட எத்தினி வருசம் சொல்லியிருக்கேன் தெரியுமாடா" என்றார். "கொம்ப வித்துத் தொலன்னா. பாவம், அதுமேல கோவத்துலயே செத்துப்போனா."

"இப்ப மாதா கோயில்ல போய்ச் சொல்லிடுங்க மாஸ்டர்" என்றான் தாஸ்.

"வாய மூட்றா. மொதல்ல ஒன் வாயில கீற கல்கண்ட துப்பு."

தாஸ் சிரித்தான். துப்பவில்லை.

மாஸ்டர் எழுந்து சுவரோரம் துணி போர்த்தியிருந்த யூஃபோனியத்தை எடுத்தார். வயிற்றில் நசுங்கல் உள்ள பெரிய கொம்பு. அடித்தொண்டைக் குரல் அதற்கு. யாருக்கும் அது பிடிக்காது. ஊர்வலத்தில் குழந்தையைத் தூக்குவது போல் நெஞ்சோடு அணைத்து நடக்க வேண்டும். ஊர் ஜனம் டிரம்பெட்காரனைத்தான் பார்க்கும், இவனைப் பார்க்காது.

"இதுக்கு வாய் பெருசு. பல்லுல குத்தாது. அமுக்கவும் வேணாம், மூச்சு இருந்தா போதும். ஊதிப் பாரு."

"இது வேணாம் மாஸ்டர்."

"வேற இன்னா வேணும்? திருப்பூர் பஸ்ஸா?"

ஜெயா அவரிடம் பேசியிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. வாங்கி மடியில் வைத்தேன். கழற்றி மாட்டும் பல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊதினேன். மாடு அடிவயிற்றிலிருந்து கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. தாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பல்லில் எதுவும் படவில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. நான் டிரம்பெட்டுக்குத் திரும்பவில்லை. திரும்ப மாட்டேன். இதைக் குணமானது என்று சொல்வதா, இல்லையா, எனக்குத் தெரியவில்லை. பல் நிற்கிறது. நானும் நிற்கிறேன்.

உடம்பின் காலக்கணக்கு மாறிவிட்டது. முன்பு வாய் எனக்கு ஒரு ஓட்டை, ஊதவும் தின்னவும். இப்போது ஒவ்வொரு முறை எதையாவது விழுங்கிய பிறகும் உள்ளே ஒரு வேலை தொடங்குவது தெரிகிறது. எச்சில் ஊறி வருவது தெரிகிறது. அது முடிய நேரம் வேண்டும். அதுவரை வாயைச் சும்மா விடவேண்டும். எதையும் ஓரிடத்தில் சும்மா விடத் தெரியாதவன் நான். இதைப் பழகுவதற்குள் களைத்துவிட்டேன். இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

யூஃபோனியமும் அப்படித்தான். டிரம்பெட் முதலில் பாடும். இது இரண்டு வரி காத்திருந்து, நடுவில் ஒரு நீண்ட ஸ்வரம் போட்டுவிட்டு மறுபடி காத்திருக்கும். காத்திருக்கும் நேரம்தான் அதிகம்.

போன வாரம் காட்டேரிக்குப்பத்தில் ஒரு சாவு. ஜெயாவுக்குத் தூரத்து உறவு, அவளும் வந்திருந்தாள், பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மகன் வர நேரமாகும் என்றார்கள். டீ வந்தது, நான் தண்ணீர் கேட்டேன். மதியம் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்ச் சோறு தின்றுவிட்டு வந்தேன். மாஸ்டரின் சுருக்குப் பை வழக்கம் போலக் கைமாறி வந்தது. அவர் அதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அதில் கற்கண்டோடு சீரகமும் கலந்து கிடக்கிறது. வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

பை என் கைக்கு வந்ததும் நாக்கு தானாக மேலுதட்டுக்குள் போனது. பழைய இடத்தைத் தடவியது. அங்கே உறைப்பல், அதன் பக்கத்தில், ஊதுவதற்காக மாட்டும் பல்லைக் கழற்றியிருந்ததால், ஈறு மட்டும். கொஞ்ச நேரம் பையை வைத்திருந்தேன். அந்தப் பக்கமிருந்து ஜெயா பார்ப்பது தெரிந்தது. தாஸிடம் நீட்டினேன். அவன் உள்ளே விரல் விட்டுத் துழாவி, ஒரு கற்கண்டை எடுத்து, என்னைப் பார்த்தான். பிறகு அதைப் பையிலேயே போட்டுவிட்டு நாலு சீரகத்தை எடுத்து வாயில் போட்டு முகத்தைச் சுளித்தான்.

"தூ. இதுக்கு சாவறதே மேலு அண்ணே" என்றான், சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு.

சாயங்காலம் மகன் வந்தான். பாடையைத் தூக்கினார்கள். மாஸ்டர் டிரம்மில் ஒரு தட்டு தட்டினார், தாஸ் தொடங்கினான். நான் கொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். என் வரி வருவதற்கு நேரம் இருந்தது. அது வந்ததும் வாயோரமாய் மூச்சை இழுத்தேன். பல் இருந்த இடத்தின் வழியாகக் காற்று உள்ளே போனது. வலிக்க அங்கே ஒன்றும் இல்லை. குளிர்ச்சி மட்டும் தெரிந்தது.